கைக்கிளையும் பெருந்திணையும் பேருக்குத்தானா?

தும்பி | ஜூன் 2, இரவு 9.40

சங்க இலக்கியத்தில் காதல் ஐந்து வகை, அதாவது ஐந்து திணை. குறிஞ்சி என்றால் புணர்தல், முல்லை இருத்தல் (பொறுத்துக் காத்திருத்தல்), மருதம் ஊடல், நெய்தல் இரங்கல், பாலை பிரிதல். பாட்டில் என்ன நிலம் வருகிறது என்று பார், வகையைச் சொல்லிவிடலாம். கைக்கிளை (ஒருதலைக் காதல்), பெருந்திணை (பொருந்தாக் காதல்) இரண்டும் கணக்குக்குச் சேர்த்தவை, அவற்றுக்குப் பாட்டே கிடையாது. போட்டித் தேர்வு வழிகாட்டிகள் எல்லாமே இப்படித்தான் போட்டிருக்கின்றன. மாற்றுக் கருத்து இருந்தால் ஆதாரத்தோடு வாருங்கள்.

நொச்சி | ஜூன் 2, இரவு 11.15

முதல் பாதிக்கு மட்டும் இப்போது. நிலத்தைப் பார்த்துத் திணை சொன்னால் பாதிப் பாட்டில் தடுக்கி விழுவீர்கள். முதல் (நிலமும் பொழுதும்), கரு (பூ, பறவை, தெய்வம் போன்றவை), உரி (காதலின் நிலை) மூன்றில் ஒன்றைவிட ஒன்று சிறந்தது என்கிறது தொல்காப்பியம், கடைசியில் நிற்பது உரிப்பொருள். கூடவே "உரிப்பொருள் அல்லன மயங்கவும் பெறுமே" என்றும் சொல்லிவிட்டது. அதாவது நிலமும் பொழுதும் பூவும் பறவையும் இடம் மாறலாம், உரி மட்டும் மாறாது.

குறுந்தொகை 25, கபிலர். "யாரும் இல்லை, தானே கள்வன்." சாட்சிக்கு இருந்தது ஒரு குருகு, அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. குருகும் ஆரலும் வயலுக்கும் கழிக்கும் உரியவை. பாட்டோ குறிஞ்சி. மலைக்கு உரியதாக இருப்பது குருகின் கால் மட்டும்: தினைத்தாள் போன்ற சிறு பசுங்கால். அவன் திருமணத்தைத் தள்ளிப்போடுகிறான், நடந்த களவுக்கு, மறைவான காதலுக்கு, சாட்சி இல்லை என்ற பயம். குறிஞ்சி ஆனது அதனால்.

குறுந்தொகை 28, ஔவையார். "முட்டுவேன்கொல் தாக்குவேன்கொல்." நிலமே இல்லை, பூ இல்லை, விலங்கு இல்லை. அசைவளி அலைக்கிறது, ஊர் தூங்குகிறது, அவ்வளவுதான். இது பாலை.

குறுந்தொகை 167, கூடலூர் கிழார். தயிரைப் பிசைந்த விரல், துவைக்காமல் உடுத்த புடவை, அவள் தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பு, "இனிது" என்று கணவன் உண்டது, அவள் முகம் கண்ணுக்குத் தெரியாத அளவில் மலர்ந்தது. காடும் இல்லை, மழையும் இல்லை. அடுக்களைப் பாட்டு. திணை முல்லை.

கழிமுகம் | ஜூன் 3, காலை 7.05

நிலமெல்லாம் எதற்கு, அகநானூறாக இருந்தால் எண்ணே போதும். ஒற்றைப்படை எண் பாலை. 2, 8 என்று முடிந்தால் குறிஞ்சி. 4 முல்லை, 6 மருதம், 10, 20 என்று வந்தால் நெய்தல். 400 பாட்டும் அப்படித்தான் அடுக்கியிருக்கிறது. கணக்குப் போட்டால் பாலை 200, குறிஞ்சி 80, மற்ற மூன்றும் 40, 40, 40. தேர்வெழுதப் போகிறவர்கள் இதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு தூங்கலாம்.

தும்பி | ஜூன் 3, காலை 8.20

பாதிக்குப் பாதி பாலையா? அட்டவணையில் ஐந்தும் சமமாகத்தானே இருக்கின்றன?

நொச்சி | ஜூன் 3, மதியம் 1.30

அட்டவணைக்குக் கட்டம் சமமாக இருக்க வேண்டும், பாடுகிறவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஐங்குறுநூறு மட்டும் திணைக்கு நூறு என்று சமமாகப் பிரித்தது. ஒரு திணைக்கு ஒரு புலவர் என்று திட்டம்போட்டுச் செய்த நூல் அது: மருதம் ஓரம்போகியார், நெய்தல் அம்மூவனார், குறிஞ்சி கபிலர், பாலை ஓதலாந்தையார், முல்லை பேயனார்.

இன்னொன்று. பாலைக்குத் தொல்காப்பியம் தனி நிலமே ஒதுக்கவில்லை. தெய்வம் சொல்லி வகுத்த நிலங்கள் நான்குதான். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டுப் பாலை என்ற வடிவம் கொள்ளும் என்று பிறகு சிலப்பதிகாரம் விளக்குகிறது. நிலமே இல்லாத திணைக்குத்தான் அகநானூற்றில் பாதி இடம். நிலம் வைத்து வகை சொல்வது எவ்வளவு தூரம் ஓடும் என்று இதிலிருந்தே பாருங்கள்.

நொச்சி | ஜூன் 4, இரவு 10.10

ஒரு பாட்டைக் கையில் எடுத்தால் எந்த வரிசையில் பார்ப்பது என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். பொதுவிலேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் யார் பேசுகிறார், யாரிடம். தலைவியா, தோழியா, செவிலியா, பரத்தையா, அவன் தன் நெஞ்சோடு பேசுகிறானா. இதைத் தவறவிட்டால் அடுத்தது எல்லாம் தவறும்.

அடுத்து உறவு எந்தக் கட்டத்தில் இருக்கிறது: களவா (மணத்துக்கு முன்), கற்பா (மணத்துக்குப் பின்). மூன்றாவது, பிரிந்திருந்தால் எதற்காக, திரும்பும் காலத்தைச் சொல்லிவிட்டுப் போனானா. நான்காவதாகத்தான் பூவும் பறவையும். நிலமும் பொழுதும் கடைசி.

அதிகம் பேர் வழுக்குவது மூன்றாவதில். பிரிவு வந்தவுடன் பாலை என்று எழுதிவிடுகிறார்கள். பிரிவு எல்லாத் திணையிலும் உண்டு. கார்காலத்தில் வருவேன் என்று சொல்லிப் போயிருக்கிறான், அவள் நம்பி இருக்கிறாள்: முல்லை. அவன் போகும் வழி, கள்வர், நீரற்ற சுனை, நெஞ்சு போகலாமா வேண்டாமா என்று இழுபடுவது: பாலை. நம்பிக்கை தளர்ந்து, தூக்கம் போய், கடலையும் மாலையையும் நொந்துகொள்வது: நெய்தல். பரத்தை வீட்டுக்குப் போயிருக்கிறான், இவள் கதவைத் திறக்க மறுக்கிறாள்: மருதம். மணம் பேசாமல் இரவில் வந்து போய்க்கொண்டே இருக்கிறான், இன்று வரவில்லை: குறிஞ்சி. "அவன் இங்கே இல்லை" என்ற ஒரே செய்திக்கு ஐந்து வகைக் காதல்.

முல்லைக்குச் சரியான பதம் பார்க்க குறுந்தொகை 66. கொன்றை பூத்துவிட்டது, அவன் வரவில்லை. தோழி என்ன சொல்கிறாள்? இந்தக் கொன்றை மரம் மடத்தனமானது, காலம் தப்பிப் பெய்த மழையைக் கார் என்று நினைத்துப் பூத்துவிட்டது. பொய்தான். ஆனால் அந்தப் பொய் நிற்கும்வரை அவள் இருத்தலில் இருப்பாள். அது உடைந்தால் இரங்கல் தொடங்கிவிடும்.

கழிமுகம் | ஜூன் 5, காலை 6.50

அகநானூறு 4-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவன் திரும்பி வரும் தேரில் மணியின் நாவைக் கட்டிவிடுகிறான், பூவில் தேன் குடிக்கும் வண்டுகள் மிரண்டுவிடக் கூடாதே என்று. வருவதை அவளுக்கு அறிவிக்க வேண்டிய மணி வண்டுக்காக வாயை மூடிக்கொள்கிறது. அவள் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டியதுதான். என்னைக் கேட்டால் இது கொஞ்சம் அதிகப்படி.

தும்பி | ஜூன் 5, இரவு 8.00

சரி, ஐந்திணையை விட்டுவிடுகிறேன். கைக்கிளை, பெருந்திணைக்குப் பாட்டு எங்கே? ஒருதலைக் காதல் என்றால் தலைவி தனியாக ஏங்கும் பாட்டெல்லாம் கைக்கிளை ஆகிவிடாதா?

நொச்சி | ஜூன் 6, மதியம் 12.40

ஆகாது. தலைவி ஏங்கும்போது மறுபக்கம் ஒருவன் இருக்கிறான், ஏற்கெனவே மனம் ஒத்தவன், இப்போது பக்கத்தில் இல்லை. அது அன்பின் ஐந்திணைக்குள்தான்.

தொல்காப்பியம் சொல்லும் கைக்கிளை மிகவும் குறுகலானது. "காமம் சாலா இளமையோள்" ஒருத்தி, காதல் புரியாத வயது. அவளிடம் ஒருவன் தானே பேசிக்கொண்டிருக்கிறான். பதில் வராது. "சொல்எதிர் பெறாஅன் சொல்லி இன்புறல்." பதில் வராத பேச்சிலேயே அவனுக்கு ஒரு இன்பம். இன்றைய கண்ணுக்குச் சங்கடமான வரையறை, அதை மெழுகிப் பூச வேண்டியதில்லை. பாட்டுகள் கலித்தொகையில், குறிஞ்சிக்கலியில் இருக்கின்றன.

ஆனால் தொகுத்தவர்கள் அந்த வரையறைக்குள் நிற்கவில்லை. புறநானூறு 83, 84, 85 மூன்றும் கைக்கிளை. பாடியவர் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார். ஏங்குவது பெண், ஏங்கப்படுபவன் சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி. 83-இல் அவளுடைய இக்கட்டு: வளை கழன்று விழுந்தால் தாய் கண்டுபிடித்துவிடுவாள், ஓடிப்போய்த் தோளைத் தழுவலாம் என்றால் கூடியிருக்கும் அவைக்கு நாணம். 84-இல் அவன் கூழ் குடித்தும் தோள் பெருத்திருக்கிறான், இவள் அவன் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தும் பசலையால், ஏக்கத்தில் நிறம் மாறி, பொன்னாகிவிட்டாள். 85-இல் அவன் மற்போர் செய்கிறான், ஊர் இரண்டாகப் பிரிந்து ஜெயித்தான், ஜெயிக்கவில்லை என்று கத்துகிறது. இவள் பனைமரத்தைச் சார்ந்து நின்று பார்த்து, அவன் வென்றதை நான் கண்டேன் என்கிறாள்.

மூன்றும் சேர்ந்து 20 அடி. பாட்டே கிடையாது என்ற வழிகாட்டியை எழுதியவர் புறநானூற்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

தும்பி | ஜூன் 6, மதியம் 3.15

இவ்வளவு அகமான பாட்டு ஏன் புறநானூற்றில்?

நொச்சி | ஜூன் 6, இரவு 9.30

பெயர். "சுட்டி ஒருவர் பெயர்கொளப் பெறாஅர்" என்பது அகத்தின், அதாவது காதல் பாட்டின், கறாரான சட்டம். காதலிப்பவன் இன்னான் என்று தெரிந்துவிட்டால் பாட்டு வெளியே, புறத்துக்குப் போய்விடும், எவ்வளவு அந்தரங்கமாக இருந்தாலும்.

சட்டம் எவ்வளவு கறார் என்பதற்கு நெடுநல்வாடை. 188 அடி, நக்கீரர். பிரிந்த தலைவி படுக்கையில் தவிக்கிறாள், தலைவன் பாசறையில் நள்ளிரவில் காயம்பட்ட வீரர்களைப் பார்த்து வருகிறான். பெயர் எங்கும் இல்லை. ஆனால் அவனோடு வரும் வேலின் தலையில் வேப்பம்பூ மாலை கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியனுடைய அடையாளப் பூ. ஆள் தெரிந்துவிட்டது, ஆகவே புறம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர்.

பட்டினப்பாலை நேர் எதிர். 301 அடியில் காதலுக்குக் கிடைப்பது பத்தடிக்கும் குறைவு. மிச்சமெல்லாம் காவிரிப்பூம்பட்டினமும் கரிகாலனும். திருமாவளவன் என்று பெயரே வருகிறது. ஆனாலும் அகம், பாலைத்திணை. காரணம், அரசன் அங்கே காதலன் அல்ல, உவமை. அவன் பகைவர்மேல் ஓங்கிய வேலைவிடக் கொடியது காடு, அவன் செங்கோலைவிடக் குளிர்ந்தவை அவள் தோள்கள். உவமையாக வந்தால் ராஜாவானாலும் அனுமதி உண்டு.

கழிமுகம் | ஜூன் 6, இரவு 10.05

188 அடியை ஒரு வேப்பம்பூ தூக்கி வெளியே போட்டுவிட்டது. பாண்டியன் வெறும் வேலோடு நடந்திருக்கலாம்.

நொச்சி | ஜூன் 8, காலை 11.00

பெருந்திணைக்கு வருகிறேன். தொல்காப்பியம் நான்கு அடையாளம் சொல்லியிருக்கிறது: மடல் (காதலைச் சொல்லி ஊரறிய ஏறும் பனைமடல் குதிரை) ஏறியே விடுவது, இளமை கடந்த பின் வருவது, ஆற்றுவிக்க முடியாதபடி மிகுந்த காமம், வலுக்கட்டாயம். நான்கையும் ஒரே கூடையில் போட்டது எனக்குச் சரியாகப் படவில்லை. வயதானவர்களின் ஆசையும் வன்முறையும் எந்த அளவுகோலில் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன? உரைகளில் இதற்கு மனநிறைவான பதில் இல்லை.

புறநானூறு 143 முதல் 147 வரை பெருந்திணை, ஐந்து பாட்டு, நான்கு புலவர்கள்: கபிலர், பரணர் (இரண்டு), அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார். வள்ளல் பேகன் தன் மனைவி கண்ணகியை (சிலப்பதிகாரக் கண்ணகி அல்ல) பிரிந்து வேறு இடத்தில் இருக்கிறான். மயிலுக்குக் குளிருமே என்று போர்வை கொடுத்தவன்தான். பரணர் அதை வைத்தே மடக்குகிறார்: பசித்து வரவில்லை, சுமக்கும் சுற்றமும் இல்லை, நாங்கள் கேட்கும் பரிசில் ஒன்றுதான், இன்றிரவே போய் அவள் துயரத்தைக் களை. 147-இல் எண்ணெய் காணாத அவள் கூந்தலைக் கழுவிப் பூ முடிக்க வழிசெய் என்று வேண்டுகோள். பரிசில் வாங்கிப் பிழைக்கும் புலவர்கள் நான்கு பேர் பரிசிலாக ஒரு திருமண சமரசத்தைக் கேட்கிறார்கள். பெயர் மட்டும் இல்லையென்றால் மருதத்தில் தாராளமாகச் சேர்த்திருக்கலாம்.

கழிமுகம் | ஜூன் 8, மாலை 5.45

நொச்சி விட்டது ஒன்று. எட்டு வகை மணங்களைத் தொல்காப்பியம் பங்கு போடுகிறது: முன்னைய மூன்று கைக்கிளைக்கு, பின்னர் நான்கு பெருந்திணைக்கு, யாழோர் மணம் (இருவரும் தாமாகக் கூடும் கந்தருவம்) ஐந்திணைக்கு. இளம்பூரணர் உரைப்படி அந்த நான்கில் பிரமமும் பிரசாபத்தியமும் அடக்கம். அதாவது பெற்றோர் பார்த்து முறைப்படி கொடுக்கும் மணம் பெருந்திணை, பொருந்தாக் காமத்தின் பட்டியலில்! பத்திரிகை அடித்து மண்டபம் பிடிக்கிறவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

தும்பி | ஜூன் 8, இரவு 7.10

அப்படியானால் ஏறு தழுவி மணப்பது?

நொச்சி | ஜூன் 8, இரவு 11.20

அதே கணக்கில் அது அசுரம் (வீரம் காட்டிப் பெண் பெறும் மணம்), கைக்கிளைப் பக்கம் போகும். ஆனால் பாட்டுகள் முல்லைக்கலியில் உட்கார்ந்திருக்கின்றன. "கொல்லேற்றுக் கோடு அஞ்சுவானை மறுமையும் புல்லாளே ஆய மகள்" (கலி 103). இலக்கணமும் தொகுப்பும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாத இடம். முல்லைக்கலியில் காத்திருப்பதைவிடக் கொம்பும் குடலும் ரத்தமும்தான் அதிகம்.

நொச்சி | ஜூன் 10, மதியம் 2.00

மடல் பற்றித் தனியாக, ஏனென்றால் இதில்தான் கோடு எங்கே கிழிக்கப்படுகிறது என்று தெளிவாகத் தெரியும். மடல் ஏறுவேன் என்று மிரட்டினால் ஐந்திணை, ஏறியேவிட்டால் பெருந்திணை. சொல்லுக்கும் செயலுக்கும் நடுவே திணை மாறுகிறது.

ஏறுவதற்கு என்னென்ன வேண்டும் என்பது பாட்டுகளிலேயே சிதறிக் கிடக்கிறது. பனையின் முற்றிய மடலால் செய்த குதிரை, கழுத்தில் மணி கோத்த மாலை (குறுந்தொகை 182), அல்லது ஆவிரம்பூ நெருக்கிக் கட்டிய மாலை (173). ஏறுபவன் தலையில் எருக்கங்கண்ணி (17). அவன் உடம்பில் வெள்ளெலும்பு. யாரும் விற்காத பூ என்று எருக்கைச் சொல்கிறது நற்றிணை 146. பிறகு தெருவில் இழுத்துப் போக வேண்டும், ஊர் சிரிக்க வேண்டும். இரு ஓரமும் ரம்பப்பல் உள்ள மடலின்மேல் உட்கார்வதே போதுமான தண்டனை, ஆனாலும் பாட்டுகள் வலியைவிட நாணம் போவதைத்தான் பெரிதாகச் சொல்கின்றன.

பெண் ஏறக் கூடாது என்பது சூத்திரம். "கடலன்ன காமம் உழந்தும் மடலேறாப் பெண்ணின் பெருந்தக்க தில்" என்று குறள் 1137 அதையே பெருமையாக்கியது. திருமங்கையாழ்வார் பெரிய திருமடலில் தலைவியாகவே நின்று, பெண் மடல் ஊரமாட்டாள் என்று தென்னுரையில் கேட்டிருக்கிறோம், அதை ஏற்கமாட்டோம், "வடநெறியே வேண்டினோம்" என்று நேருக்கு நேர் மறுக்கிறார். ஒரு இலக்கண விதியைப் பாட்டுக்குள்ளேயே எடுத்துவைத்து உடைப்பது அபூர்வம்.

தும்பி | ஜூன் 11, காலை 9.00

அகத்தில் ஏவலாட்கள் காதலிப்பதே இல்லையா? எல்லோரும் தலைவன், தலைவிதானா?

நொச்சி | ஜூன் 11, இரவு 10.30

"அடியோர் பாங்கினும் வினைவலர் பாங்கினும் கடிவரை இல புறத்து." ஐந்திணைக்கு வெளியே என்றால் தடை இல்லை. பிறர் ஏவலில் இருப்பவர்களால் அறம் பொருள் இன்பம் வழுவாமல் ஒழுக முடியாது என்பது உரைகள் சொல்லும் காரணம். சுத்தமான வர்க்கக் கணக்கு.

அந்த "வெளியே" என்ற இடத்தில்தான் கலித்தொகை 94 இருக்கிறது, மருதன் இளநாகனார் பாடியது. அரண்மனையில் வேலை செய்யும் கூனியும் குறளனும் (குள்ளனும்). அவன் வழிமறிக்கிறான். அவள், சூதாடு பலகையை எடுத்து நிறுத்தியது போன்றவனே என்று திட்டுகிறாள். அவன் அவள் கூனைப் பழிக்கிறான். அவன் தோளை வீசி நடப்பதைப் பார்த்து ஆமையை எடுத்து நிறுத்தியது போல என்று மறுபடி இவள். இருவரும் ஒருவர் உடம்பை ஒருவர் முழுக்க ஏசி முடித்த பிறகு சமாதானம். அப்போது அவள் வைக்கும் ஒரே நிபந்தனை, அரண்மனையில் பார்க்கிறவர்கள் சிரிக்கக் கூடாது, மறைவாகப் போவோம். சிரிக்கவைக்க எழுதிய பாட்டு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஐந்திணைத் தலைவி பயப்படும் அலரும் (ஊர்ப் பேச்சும்) இவள் பயப்படும் சிரிப்பும் ஒரே எடை.

கழிமுகம் | ஜூன் 12, காலை 7.30

இழை திசைமாறினாலும் பரவாயில்லை. பாடாண் திணை "கைக்கிளைப் புறனே" என்கிறது புறத்திணையியல். வள்ளலைப் புலவன் புகழ்வது ஒருதலைக் காதலின் வெளிமுகம். பதில் வருமா வராதா தெரியாமல் நல்லதையே பேசிக்கொண்டிருப்பது இருவருக்கும் பொது.

தும்பி | ஜூன் 13, இரவு 8.45

கடைசியாக ஒன்று. பரத்தை பேசும் குறுந்தொகை 8-இல் மாம்பழத்தை மீன் கவ்வுவது உள்ளுறை (வெளிப்படச் சொல்லாத உவமை) என்கிறார்கள். எதற்கு எது என்று பொருத்துவதில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களே?

நொச்சி | ஜூன் 14, மதியம் 12.15

வயலோரத்து மாமரத்திலிருந்து தானாக உதிர்ந்த பழம், குளத்து வாளை கவ்விக்கொள்கிறது. நான் போய்ப் பறிக்கவில்லை, அவனாக வந்து விழுந்தான் என்பது பரத்தையின் வாதம். மனைவி இவளைக் குறைசொன்னாள், அதற்குப் பதில். அடுத்த வரியில் அவனுக்கும் உதை: என் வீட்டில் பெரிய பேச்சுப் பேசினான், தன் வீட்டில் கையும் காலும் தூக்கத் தூக்கும் கண்ணாடிப் பாவை போல மகனுடைய தாய்க்கு ஆடுகிறான். "மனைவி" என்று சொல்லாமல் "புதல்வன் தாய்" என்றது இன்னொரு குத்து.

பொருத்தும்போது தவறாமல் இருக்க விதிகள் உண்டு. தெய்வத்தைத் தவிர மற்றக் கருப்பொருளில்தான் உள்ளுறை வரும், முருகனை வைத்துப் பொருத்தாதீர்கள். தலைவி சொன்னால் அவளுக்குத் தெரிந்த பொருளில் வரும். தோழி சொன்னால் அவள் வாழும் நிலத்தைத் தாண்டாது. தலைவன் சொன்னால் அவன் உரம் (அறிவின் திண்மை) தெரியும். மற்றவர்களுக்கு இட வரையறை இல்லை. பேசுவது யார் என்று முதலில் பார்க்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

நொச்சி | ஜூன் 14, மதியம் 12.40

சேர்க்கை: பாட்டின் கீழே வரும் கூற்றுக் குறிப்பு (யார் யாரிடம் சொன்னது என்பது) புலவர் எழுதியதல்ல, பின்னால் வந்தவர்கள் வைத்தது. குறுந்தொகை 40-இல் "யாயும் ஞாயும்" கேட்பது ஆணா பெண்ணா என்று பாட்டுக்குள் எங்கும் இல்லை. பிரிந்துவிடுவானோ என்று அஞ்சிய தலைவியிடம் தலைவன் சொன்னது என்று குறிப்புதான் சொல்கிறது. குறிப்பைக் கையால் மறைத்துவிட்டு ஒரு முறை படியுங்கள், பிறகு கையை எடுங்கள்.

தும்பி | ஜூன் 14, இரவு 9.00

மறைத்துப் படித்தேன். அவள் சொல்வதாகவும் நிற்கிறது. வழிகாட்டியில் "தலைவன் கூற்று" என்றுதான் மதிப்பெண்.